ஆமைக்குஞ்சு வரும் முன்: பெட்டி, மண், விளக்கு

"ஏங்கண்ணு, ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாதுன்னு தெரியாதா உனக்கு?" என்று பொள்ளாச்சியிலிருந்து வாட்ஸாப் காலில் அம்மா கேட்டபோது, நான் லண்டன் புறநகரில் எங்கள் வீட்டு காரேஜில் ஒரு பிளைவுட் பெட்டிக்கு இரண்டாவது கோட் வார்னிஷ் அடித்துக்கொண்டிருந்தேன். ஜப்தி செய்ய அமீனா வரும் அளவுக்குக் கடன் ஏறவில்லை. ஆனால் முதல் மாதத்தில் தெரியாத்தனமாக நான் செலவழித்ததை நினைத்தால் அம்மா சொன்னதில் பாதி உண்மைதான்.

நடந்தது இதுதான். செல்லப்பிராணிக் கடை ஒன்றில் "ஆமைக்கு என்னென்ன வேண்டும்" என்று கேட்டேன். இரண்டடிக் கண்ணாடித் தொட்டி, ஒரு மூட்டை மணல், சுருள் வடிவ யூவி பல்பு, இரவுக்கு ஒரு சிவப்பு பல்பு, அடியில் ஒட்டுகிற சூடேற்றும் பாய், எல்லாம் ஒரே பெட்டியில் போட்டு 140 பவுண்டுக்குக் கொடுத்தார்கள். அதில் இன்று பயன்பாட்டில் இருக்கும் பொருள் எத்தனை தெரியுமா? ஒன்றுகூட இல்லை. நல்ல வேளை, குஞ்சு வருவதற்கு இரண்டு மாதம் இருந்தது, அதற்குள் பலரிடம் கேட்டுப் படித்துப் பார்த்துத் திருத்திக்கொண்டேன். நீங்கள் அந்த 140 பவுண்டை மிச்சம் பிடிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் இந்தியாவில் இருந்து படிப்பவர்களுக்கு. நம் ஊரில் ஆமைக்குஞ்சு என்று ரகசியமாக விற்கப்படுவது பெரும்பாலும் நட்சத்திர ஆமை. அது காட்டில் பிடிக்கப்பட்டது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வாங்குவது, விற்பது, வீட்டில் வைத்திருப்பது மூன்றுமே குற்றம். 2022 திருத்தத்துக்குப் பிறகு அது முதல் அட்டவணையில் இருக்கிறது, அதாவது புலி இருக்கிற அதே பட்டியல், 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. 2019-ல் பன்னாட்டு வணிகத்திலும் அதை மிகக் கடுமையான பட்டியலுக்கு மாற்றிவிட்டார்கள். இலங்கையிலும் அது பாதுகாக்கப்பட்ட உயிரினம். அதிர்ஷ்டம் வரும் என்று யாராவது சொல்லி நீட்டினால், வருவது வனத்துறை ஜீப்தான். எனவே இந்தக் கட்டுரை, ஆமை வளர்ப்பு சட்டப்படி நடக்கிற ஊர்களில் இருக்கும் நம் ஆட்களுக்கு. நான் இருப்பது இங்கிலாந்து, வளர்ப்பது ஹெர்மன் ஆமை, அதனால் அதை வைத்தே சொல்கிறேன்.

ஹெர்மன் ஆமை தென் ஐரோப்பாவைச் சேர்ந்தது. ஸ்பெயின், இத்தாலி, பால்கன் நாடுகள் என்று மத்தியதரைக்கடல் ஓரத்துப் புதர்க்காடுகளில் வாழ்வது. வளர்ந்தால் ஏறக்குறைய 15 முதல் 20 செ.மீ., ஐம்பது வருடம் சாதாரணமாக இருக்கும், நன்றாகப் பார்த்துக்கொண்டால் அதற்கும் மேல். வாங்கும்போது உள்ளங்கையில் ஒரு வால்நட் அளவுதான் இருக்கும், அதுதான் ஆளை ஏமாற்றும். இதே அளவில், இதைவிட மலிவாக, சல்கேட்டா என்கிற ஆப்பிரிக்க ஆமையின் குஞ்சும் கிடைக்கும். அதுவும் அதே வால்நட்தான். ஆனால் வளர்ந்து 40, 50 கிலோ ஆகி உங்கள் வேலியை முட்டிச் சாய்க்கும். குளிர் நாட்டில் ஃப்ளாட்டில் இருப்பவர்கள் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

இன்னொரு குழப்பம் நம் மொழியால் வருவது. நமக்கு எல்லாமே ஆமைதான், கடலில் இருந்தாலும் குளத்தில் இருந்தாலும் காட்டில் இருந்தாலும். அதனால் தெரிந்த ஒருவர், இங்கே பத்து வருடமாக இருப்பவர், நில ஆமைக்கு மீன்தொட்டியில் தண்ணீர் நிரப்பி வைக்கப் பார்த்தார். நில ஆமைக்கு நீந்தத் தெரியாது, ஆழத் தண்ணீரில் விட்டால் மூழ்கிச் செத்துப்போகும். நேர் எதிராக, "காட்டு ஆமைதானே, வறண்ட இடத்தில் இருப்பது" என்று வெறும் மணலில் விடுவதும் தப்பு. குஞ்சுக்கு வேண்டியது இரண்டுக்கும் நடுவில்: ஒரு மூலையில் சுள்ளென்று வெயில், காலுக்கடியில் ஈர மண். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மீதி எல்லாம் தானாகப் புரியும்.

வாங்குவது பற்றிச் சுருக்கமாக. 1984 முதல் மத்தியதரைக்கடல் ஆமைகளைக் காட்டிலிருந்து பிடித்து இங்கே விற்க முடியாது. வளர்ப்பில் பிறந்த குஞ்சைத்தான் விற்கலாம், அதற்கு ஆர்ட்டிக்கிள் 10 என்கிற சான்றிதழ் வேண்டும். ஹெர்மன் குஞ்சை விற்பவர் அந்தக் காகிதத்தைக் காட்டவில்லை என்றால் எவ்வளவு மலிவாக இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள். வயிற்றுப்பக்க ஓடு 6 செ.மீ.க்கு மேல் வளர்ந்தபின் அடையாளத்துக்கு உடம்பில் மைக்ரோசிப் வைக்கிற விஷயம் வரும், அதையும் விற்பவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். கூடுமானவரை வீட்டில் வளர்த்துக் குஞ்சு பொரிக்க வைப்பவரிடம் வாங்குங்கள், தாய் ஆமையைப் பார்க்கலாம், குஞ்சு என்ன தின்று பழகியிருக்கிறது என்று கேட்கலாம். ஒரே ஒரு குஞ்சு வாங்குங்கள். "தனியா இருந்தா பாவம்" என்று மகளும் சொன்னாள், அம்மாவும் சொன்னார் (அமீனா பேச்சை அதற்குள் மறந்துவிட்டார்). ஆமைக்குத் துணை தேவையில்லை. இரண்டை ஒன்றாக விட்டால் ஒன்று மற்றதை நெருக்கி, சாப்பாட்டை விட்டு விரட்டி, விளக்கடியில் இடம் கொடுக்காமல் செய்யும், நமக்கோ அவை ஒட்டிப் படுத்திருப்பது பாசம் மாதிரித் தெரியும்.

சரி, பெட்டிக்கு வருவோம்.

கண்ணாடித் தொட்டி ஏன் வேண்டாம் என்றால், கண்ணாடி என்று ஒன்று இருப்பதே ஆமைக்குப் புரியாது. வெளியே தெரிகிறது, போக முடியவில்லை, அவ்வளவுதான். நாள் முழுக்க அதில் முட்டிக்கொண்டு நடந்தபடியே இருக்கும். மரப்பெட்டிதான் நல்லது. நான்கு அடிக்கு இரண்டு அடி, அதாவது 120-க்கு 60 செ.மீ. இருந்தால் மூன்று நான்கு வருடம் ஓடும். சுவர் மண்ணுக்கு மேல் குறைந்தது 20 செ.மீ. நிற்க வேண்டும், ஏனென்றால் இவை ஏறும், நம்ப முடியாத அளவுக்கு ஏறும். பழைய புத்தக அலமாரியின் முதுகைக் கீழே போட்டுத் தட்டுகளை எடுத்துவிட்டாலே ஒரு பெட்டி கிடைத்துவிடும், செலவே இல்லை. உள்ளே நீர் சார்ந்த வார்னிஷ் அடித்து, வாடை முழுக்கப் போகும்வரை இரண்டு வாரம் காயவிட்டு, அதன்மேல் தோட்டக் குளத்துக்கு விரிக்கிற ரப்பர் விரிப்பை அடியிலும் ஓரங்களிலும் ஒட்டுங்கள். ஈர மண் இருக்கப்போகிற இடம், விரிப்பு இல்லாவிட்டால் ஒரே வருடத்தில் பலகை ஊதிவிடும்.

மேலே திறந்திருக்கலாமா, மூடியிருக்கலாமா என்பதில் இங்கே ஆமைக்காரர்களுக்குள் தீராத சண்டை. திறந்த பெட்டிதான் காற்றோட்டம் என்று பழைய ஆட்கள், மூடிய பெட்டிதான் ஈரம் தங்கும் என்று புது ஆட்கள். குஞ்சு விஷயத்தில் நான் இரண்டாவது கட்சி. ஹெர்மன் முட்டைகள் ஆகஸ்ட், செப்டம்பரில் பொரிக்கும், எனவே குஞ்சு உங்கள் கைக்கு வருவது இலையுதிர் காலத்தில், அதாவது வீட்டில் ஹீட்டரைப் போட்டுக் காற்றெல்லாம் அப்பளம் மாதிரிக் காய்ந்திருக்கும் சமயத்தில். நான் செய்தது ஒரு நடுவழி: பெட்டியின் குளிர்ந்த பக்கம் பாதியை அக்ரிலிக் தகடால் மூடிவிட்டு, விளக்குகள் இருக்கிற பாதியைத் திறந்து வைத்தேன்.

இந்த ஈரப்பதத்துக்கு ஏன் இத்தனை அலட்டல் என்றால், ஓடு. வறண்ட இடத்தில் வளர்ந்த ஆமையின் ஓட்டில் ஒவ்வொரு கட்டமும் குட்டிக் கூம்பாக மேலே எழுந்துவிடும். ஒரு முறை எழுந்தால் ஆயுளுக்கும் போகாது. ரொம்ப நாள் இதைப் புரதம் அதிகமானதால் வருவது என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2003-ல் சல்கேட்டா குஞ்சுகளை வைத்துச் செய்த ஓர் ஆய்வில், புரதத்தைவிடக் காற்றின் ஈரம்தான் இதில் பெரிய காரணம் என்று தெரிய வந்தது. எனவே குஞ்சு இருக்கும் மட்டத்தில், மண்ணோடு ஒட்டிய காற்றில், 70 சதவீதத்தை ஒட்டியாவது ஈரப்பதம் இருக்கட்டும். பெட்டிக்கு மேலே சுவரில் மாட்டிய மீட்டர் காட்டுவது வேறு, மண்ணருகே இருப்பது வேறு, கருவியைக் கீழே வையுங்கள்.

மண் கலவை எளிது. உரம் கலக்காத சாதாரணத் தோட்டமண் அறுபது பங்கு, தேங்காய் நார்த்துகள் நாற்பது பங்கு. உரம் கலந்த மண்ணில் வெள்ளை வெள்ளையாகக் குட்டிக் குண்டுகள் இருக்கும், குஞ்சு அதைத் தின்னும், எனவே பையில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு முறைக்கு இரண்டு முறை படியுங்கள். வெறும் மணல் வேண்டாம், குடலில் அடைத்துக்கொள்ளும். பைன் மரத்தூள், செய்தித்தாள், வைக்கோல் உருண்டைகள் எதுவும் வேண்டாம்.

நார்த்துகள் செங்கல் மாதிரிக் கட்டியாக வரும். எங்கள் ஊரில் மஞ்சி மில், அதாவது தேங்காய் நார் பிரிக்கிற ஆலை, என்றால் ஊருக்கு வெளியே பழுப்புப் புழுதி கிளப்புகிற இடம், அந்தத் துகளை ஒரு காலத்தில் யாரும் சீண்டமாட்டார்கள். இங்கே அதே 650 கிராம் கட்டியைக் காசு கொடுத்து வாங்கி, பக்கெட்டில் போட்டு நான்கு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றினேன். முதலில் ஒன்றும் ஆகவில்லை. பிறகு ஓரங்கள் பிளந்து, ரவை உப்புமா கிளறும்போது திடீரென்று பொங்குமே அப்படி உப்பி, கால் மணி நேரத்தில் எட்டு ஒன்பது லிட்டர் ஆகிவிட்டது. வாசனை அப்படியே மழை பெய்த தென்னந்தோப்பு. மகள் அதற்குள் முழங்கை வரை கையை விட்டுவிட்டாள். மண்ணோடு கலந்து பத்து செ.மீ. ஆழத்துக்குப் பரப்புங்கள், குஞ்சு புதைந்து தூங்கும் உயிர், மேலோட்டமாகத் தூவினால் போதாது. ஈரப் பதம் பார்க்க நம் ஊர் வழியே போதும்: ஒரு கைப்பிடி எடுத்து அழுத்தினால் பிடிகொழுக்கட்டை மாதிரி நிற்க வேண்டும், விரலிடுக்கில் தண்ணீர் சொட்டக் கூடாது. பிறகு மேலே தெளிக்காமல், நான்கு மூலைகளிலும் அவ்வப்போது ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றினால் அடியில் ஈரமும் மேலே ஓரளவு காய்ச்சலுமாக இருக்கும். மேற்பரப்பே சொதசொதவென்று, அதுவும் குளிராக இருந்தால், அடிவயிற்று ஓட்டில் அழுகல் பிடிக்கும்.

இனி விளக்கு. பணத்தை இங்கே செலவழியுங்கள், மற்ற எல்லாவற்றிலும் சிக்கனம் பிடியுங்கள்.

இரண்டு விளக்கு வேண்டும், இரண்டுக்கும் வேலை வேறு. ஒன்று சூட்டுக்கு: சாதாரண ஹாலோஜன் ஃப்ளட் பல்பு, 50 முதல் 100 வாட். அதற்கு நேர் கீழே ஒரு தட்டைக் கல் வைத்து, கல்லின் மேற்பரப்பில் 33 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரும்படி உயரத்தைச் சரிசெய்ய வேண்டும். பெட்டியின் மறுகோடி 20, 22 டிகிரியில் இருக்க வேண்டும். ஆமைக்கு உடம்புச் சூட்டை உள்ளேயே உண்டாக்கிக்கொள்ள முடியாது, சூடான இடத்துக்கும் குளிர்ந்த இடத்துக்கும் நடந்து நடந்துதான் சரிசெய்துகொள்ளும், அதனால் பெட்டி முழுக்க ஒரே சூடாக இருந்தால் அது தப்பிக்க வழியில்லாத அடுப்பு. இரவில் எல்லா விளக்கையும் அணைத்துவிடுங்கள். சிவப்பு பல்பு வேண்டாம், அடிப்பாயும் வேண்டாம், ஆமைக்கு வெயில் என்பது மேலிருந்து வருவது. அறை இரவில் 15 டிகிரிக்குக் கீழே போனால் மட்டும் வெளிச்சமில்லாத செராமிக் ஹீட்டர் ஒன்றைத் தெர்மோஸ்டாட்டோடு போடலாம்.

மற்றது யூவிபி விளக்கு. வெயிலில் இருக்கும் இந்தப் புற ஊதாக் கதிர் இல்லாமல் ஆமையின் தோலில் வைட்டமின் டி3 உருவாகாது, டி3 இல்லாமல் நீங்கள் எவ்வளவு கால்சியம் கொடுத்தாலும் எலும்பில் சேராது, ஓடு ரப்பர் மாதிரி ஆகிவிடும். சுருள் பல்பு போதாது. டி5 (T5) வகை நீளக் குழல்விளக்கு, 12 சதவீதம் என்று போட்டிருப்பது, பிரதிபலிப்பான் தகட்டோடு, ஓட்டிலிருந்து ஏறக்குறைய 35, 40 செ.மீ. உயரத்தில். தயாரிப்பாளர் பெட்டியிலேயே தூரம் போட்டிருப்பார், அதைப் பின்பற்றுங்கள். நடுவில் கண்ணாடியோ பிளாஸ்டிக்கோ இருந்தால் கதிர் வராது, கம்பிவலைகூட ஒரு பங்கை விழுங்கிவிடும். ஜன்னலோரம் வைத்தால் வெயில் கிடைக்குமே என்று கேட்பார்கள், ஜன்னல் கண்ணாடி சூட்டை விடும், யூவிபியை விடாது, எனவே அது இரட்டை நஷ்டம். வெளிச்சம் கண்ணுக்கு நன்றாகவே தெரிந்தாலும் இந்தக் குழலின் கதிர் வருடத்துக்குள் தேய்ந்துவிடும், மாற்றிய தேதியை மார்க்கரால் அதன் முனையிலேயே எழுதி வையுங்கள். இரண்டு விளக்கையும் டைமரில் போட்டு ஒரு நாளைக்கு 12 மணி நேரம்.

இப்போது பலர் தாண்டிப் போகிற கட்டம்: பெட்டியைக் காலியாக ஒரு வாரம் ஓட்டுங்கள். குஞ்சு இல்லாமல், மண், விளக்கு, டைமர் எல்லாம் போட்டு. காலை 10 மணி, பிற்பகல் 3 மணி, இரவு படுக்கும் முன், மூன்று வேளையும் கல்லின் மேலும் குளிர்ந்த மூலையிலும் அளந்து ஒரு நோட்டில் எழுதுங்கள். காய்ச்சல் பார்க்க வாங்குகிற கருவி இதற்குச் சரிவராது, சமையல் அல்லது கைவேலைக்கு விற்கிற, துப்பாக்கி வடிவ அகச்சிவப்பு வெப்பமானி 15 பவுண்டுக்குள் கிடைக்கும். சுவரில் ஒட்டுகிற வட்ட முள் மீட்டர்களை நம்பாதீர்கள், என்னிடம் இருந்த இரண்டும் ஒரே இடத்தில் ஆறு டிகிரி வித்தியாசம் காட்டின.

எனக்கு அந்த வாரத்தின் நான்காம் நாள் ஒரு பாடம் கிடைத்தது. ஹாலோஜனைக் கிளிப் போட்ட விளக்குத் தாங்கியில் மாட்டியிருந்தேன். கிளிப் சூட்டில் தளர்ந்து வழுக்கி, விளக்கு முகம்குப்புற மண்ணில் விழுந்து கிடந்தது. மாடியில் வேலை செய்துகொண்டிருந்தவனுக்கு ஏதோ தேங்காய் ஓடு கருகுகிற வாசனை வந்ததால் இறங்கி ஓடினேன். மேல்மண் காய்ந்த இடத்தில் உள்ளங்கை அகலத்துக்குக் கருத்து, லேசாகப் புகைந்துகொண்டிருந்தது. குஞ்சு அந்தக் கல்லின் மேல் படுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அன்றே செராமிக் ஹோல்டர் வாங்கி, சங்கிலி போட்டு, மேலே குறுக்குச் சட்டத்தில் திருகாணியால் தொங்கவிட்டேன். கூடவே சூடு கூடினால் விளக்கை மங்கலாக்குகிற டிம்மிங் தெர்மோஸ்டாட் ஒன்று. கிளிப்பை நம்பாதீர்கள்.

எண்கள் சரியாக வந்துவிட்டால் உள்ளே சாமான்கள். பாதியாக உடைந்த மண் பூந்தொட்டியைக் கவிழ்த்து மண்ணில் புதைத்தால் அது படுக்கையறை, உள்ளே கொஞ்சம் ஈரப் பாசி. தண்ணீருக்கு, பூந்தொட்டியின் அடியில் வைக்கிற மண் தட்டு, விளிம்பு மண் மட்டத்துக்கு வரும்படி இறக்கி வைத்தது, நீர் குஞ்சின் தாடை உயரத்துக்கு மேல் போகக் கூடாது. தினமும் மாற்ற வேண்டும், ஏனென்றால் அதில்தான் குடிக்கும், அதிலேயேதான் கக்காவும் போகும். நடுவில் இரண்டு மூன்று தொட்டிச்செடிகளை நட்டுவிடுங்கள், குஞ்சு திறந்த வெளியைவிட ஏதாவது ஒன்றின் ஓரமாகப் பதுங்கிப் போவதைத்தான் விரும்பும். செங்குத்தான கல், மரப்பாலம், பொம்மை வீடு எல்லாம் படத்துக்கு அழகு, ஆனால் அதில் ஏறிக் கவிழ்ந்து, விளக்கடியில் மல்லாந்து கிடந்தால் சில மணி நேரத்தில் ஆள் காலி.

சாப்பாடு. இங்கேதான் நம் கை சும்மா இருக்காது, வாழைப்பழத் துண்டு, தக்காளி, ஒரு பருக்கை தயிர்சாதம் என்று ஊட்டத் தோன்றும். கூடாது. பழம் குடலைக் கெடுக்கும், சாதம், ரொட்டி, பருப்பு, பட்டாணி, பூனை உணவு எதுவும் ஆகாது. இது களை தின்னும் பிராணி. டான்டெலியன் இலையும் பூவும், சவ்திஸில், மாலோ, கொஞ்சமாக க்ளோவர். பிளான்டைன் என்று எல்லாப் பட்டியலிலும் இருக்கும், அது புல்தரையில் நரம்பு நரம்பாக நீள இலையோடு முளைக்கிற ஒரு களை. தெரிந்த ஒருவர் தமிழ்க்கடையில் வாழைக்காய் வாங்கிச் சீவி வைத்துவிட்டு "மோந்துகூடப் பாக்கலைங்க" என்று எனக்கு போன் செய்தார். நம் செடிகளில் செம்பருத்தி இலை, பூ இரண்டும் அமிர்தம். முள் நீக்கிய சப்பாத்திக்கள்ளி, மல்பெரி இலை, திராட்சை இலையும் தின்னும். குளிர்காலத்தில் களை கிடைக்காதபோது கடையில் லேம்ப்ஸ் லெட்டஸ், ராக்கெட், சிக்கரி வாங்கலாம், பசலை வகைக் கீரையைத் தினமும் வேண்டாம், அதிலுள்ள ஆக்ஸாலிக் அமிலம் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். பறிக்கும் இடம் முக்கியம், நாய்கள் காலைத் தூக்குகிற சாலையோரமும் களைக்கொல்லி அடித்த புல்தரையும் வேண்டாம். டாஃபடில், ஃபாக்ஸ்க்ளவ், பட்டர்கப், அரளி எல்லாம் விஷம். ஆகஸ்டிலேயே இரண்டு தொட்டியில் களை விதை தூவிவிட்டால் குஞ்சு வரும்போது ஜன்னலோரம் தோட்டம் தயார். களை வளர்க்கக் காசு கொடுத்து விதை வாங்கியதை அம்மாவிடம் நான் சொல்லவில்லை.

கால்சியம் தூள் ஒரு சிட்டிகை, வாரத்துக்கு நான்கு ஐந்து நாள் இலைமேல். ஒரு கணவாய் ஓட்டையும் மூலையில் போட்டு வையுங்கள், வேண்டும்போது கடித்துக்கொள்ளும்.

வரும் நாளில் செய்ய வேண்டியது மிகக் குறைவு. ஓட்டைகள் போட்ட சிறு டப்பாவில் ஈரத் துணி விரித்து எடுத்து வாருங்கள், வெதுவெதுப்பான நீரில் ஒரு முறை நனைய வையுங்கள், பெட்டியில் விட்டுவிட்டு விலகுங்கள். உறவினர்களுக்கு வீடியோ காட்டுவது, தங்கச்சி குடும்பத்தை அழைத்து வந்து கையில் கொடுப்பது எல்லாம் இரண்டு வாரம் கழித்து. முதல் சில நாள் புதைந்தே கிடக்கும், சரியாகச் சாப்பிடாது, அது பயம், நோய் இல்லை. எங்களுடையது மூன்றாம் நாள்தான் தலையை நீட்டியது.

நனைய வைப்பது மட்டும் முதல் வருடம் முழுக்கத் தினமும். ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் மேல் ஓடும் கீழ் ஓடும் சேருகிற கோடு வரை தண்ணீர், 30 டிகிரி, கைக்குழந்தையைக் குளிப்பாட்டுகிற சூட்டைவிடக் குறைவு, 15 முதல் 20 நிமிடம். முதலில் அசையாமல் நிற்கும். பிறகு கழுத்தை முழுசாக நீட்டி முகத்தைத் தண்ணீருக்குள் விட்டு, தொண்டை மட்டும் ஏறி இறங்க, ஒரு நிமிடம் இழுத்துக் குடிக்கும். குடித்த கையோடு வெள்ளையாகக் கொழகொழவென்று ஏதாவது வெளியேற்றும், அது யூரிக் அமிலக் கழிவு, பயப்பட வேண்டாம். அதுவே சுண்ணாம்புப் பொடி மாதிரி நறநறவென்று இருந்தால் உடம்பில் நீர் போதவில்லை என்று பொருள். இந்த டப்பாவைச் சமையலறை சிங்க்கில் கழுவாதீர்கள். ஆமைகள் சால்மொனெல்லா கிருமியைச் சுமக்கும். அமெரிக்காவில் 4 அங்குலத்துக்குச் சிறிய ஆமைகளைச் செல்லப்பிராணியாக விற்க 1975-லேயே தடை வந்தது இதனால்தான், குழந்தைகள் அவற்றை வாயில் வைத்துக்கொண்டார்கள். தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுவதை மகளுக்கு முதல் நாளே பழக்கிவிட்டேன்.

பெயர் வைக்க அவசரம் வேண்டாம், வைத்தாலும் பொதுவாக வையுங்கள். ஆணா பெண்ணா என்பதை முட்டை இருந்த சூடுதான் தீர்மானிக்கும், நமக்கு வெளியே தெரிய நான்கைந்து வருடம் ஆகும். இங்கிலாந்தின் பவுடர்ஹாம் கோட்டையில் 2004-ல் ஏறக்குறைய 160 வயதில் இறந்த டிமதி என்ற புகழ்பெற்ற ஆமை, பெயரை மீறிப் பெண். எங்களுடையது "புளியங்கொட்டை".

ஊர்வன பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவரைக் குஞ்சு வருமுன் தேடி வையுங்கள், நாய் பூனை மட்டும் பார்ப்பவரால் பெரும்பாலும் உதவ முடியாது. மூக்கில் குமிழி, வீங்கிய கண், வாயைத் திறந்து மூச்சு, நாளுக்கு நாள் இளகுகிற ஓடு, இவற்றில் ஒன்று தெரிந்தால் அன்றே போங்கள். பிறந்த குஞ்சின் ஓடு நகம் மாதிரிக் கொஞ்சம் வளையும், அது இயல்பு. ஹெர்மன் ஆமை குளிர்காலத்தில் உறங்கும் இனம், ஆனால் முதல் வருடம் அதைச் சொந்தமாக முயல வேண்டாம், மருத்துவரைக் கேட்டுச் செய்யுங்கள். கோடையில் நல்ல வெயில் நாளில் தோட்டத்தில் விடலாம், நிழல் ஒரு பக்கம் இருக்க வேண்டும், மேலே கம்பிவலை மூடி கட்டாயம். மேக்பை பறவையும் நரியும் உங்களுக்காகக் காத்திருக்கமாட்டா.

வாரம் ஒரு நாள், ஒரே நேரத்தில், நனைய வைப்பதற்கு முன், கிராம் காட்டுகிற டிஜிட்டல் தராசில் எடை போட்டு அதே நோட்டில் எழுதுங்கள். தராசும் ஆமைக்கென்று தனியாக இருக்கட்டும். புளியங்கொட்டை வந்த அன்று 24 கிராம், ஆறு மாதத்தில் 49. மெதுவாக ஏறினால் நல்லது, தொடர்ந்து இரண்டு மூன்று வாரம் இறங்கினால் முதலில் சூட்டை அளங்கள், பிறகு மருத்துவரைக் கூப்பிடுங்கள். அப்புறம், ஹாலோஜன் பல்பு ஒன்று கூடுதலாக வாங்கி அலமாரியில் வைத்துவிடுங்கள். அது ஃப்யூஸ் ஆவது எப்போதும் ஞாயிறு மாலை, கடையெல்லாம் மூடிய பிறகுதான்.